ஆரோக்கியமான அறுபது பேர்

டாக்டர் ஷெரின் ஜெபமணியைப் பேராசிரியர் முத்துவேலப்பனுக்கு முதல் நாளிலிருந்தே பிடிக்காது. பெரிய காரணம் எதுவும் இல்லை. அவள் கேள்வி கேட்பாள். அதுவும் கூட்டம் முடிந்து எல்லாரும் முந்திரி பக்கோடாவுக்கு எழுந்திருக்கும் நேரம் பார்த்துக் கேட்பாள். வேலாங்காடு பல்கலைக்கழகத்துக்குப் பொறியியல், கல்வியியல், புற்றுநோய் மருத்துவம் என்று மூன்று வளாகங்கள். மூன்றுக்கும் சேர்த்து ஒரே ஆராய்ச்சிக் குழு, அதற்குத் தலைவர் முத்துவேலப்பன். மருத்துவமனையிலிருந்து ஒருத்தரை அனுப்புங்கள் என்று அவர் கேட்டபோது தலையாட்டும் ஆள் ஒன்று வரும் என்றுதான் நினைத்தார். வந்தவள் ஷெரின்.

அன்றைக்கு அவள் முன்கூட்டிச் சொல்லாமல் அவருடைய அறைக்குள் வந்தாள். கூடவே இன்னொரு பெண். நாற்பது வயதிருக்கும், எலும்பும் தோலுமாக இருந்தாள். புடவைக்கு மேலே சால்வை போர்த்தியிருந்தாள். வெளியே சித்திரை வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

"இவங்க ஹேமலதா. நடுநிலைப் பள்ளியில கணக்கு டீச்சர்" என்றாள் ஷெரின்.

"மனு ஏதாச்சும்னா ஆபீசுல குடுத்துடுங்கம்மா" என்றார் முத்துவேலப்பன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"குடுத்தாச்சுங்க சார். ஸ்கேன் எடுக்கோணும்னு மூணு வருசமாக் குடுத்தனுங்க."

இங்கே அந்தப் பெட்டியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். முத்துவேலப்பன் இந்த உலகத்துக்குக் கொடுத்த சொத்து அது. அரசாங்கத் தாள்களில் அதற்குச் 'சுவாச நோக்கி' என்று பெயர். ஊரில் அது ஊதுபெட்டி. ஒரு குழாய்க்குள் மூச்சைப் பிடித்து ஊத வேண்டும். மூச்சோடு வரும் நூற்றுக்கணக்கான வாசனைகளை, நம் மூக்குக்கு எட்டாத வாசனைகளை, அது பிரித்துப் பார்த்து, உடம்புக்குள் எங்கேயாவது புற்று முளைத்திருக்கிறதா என்று சொல்லும். இருந்தால் சிவப்பு விளக்கு. இல்லாவிட்டால் பச்சை. ஒவ்வொரு வருடமும் பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன்னால் மாநிலத்தின் ஆசிரியர்கள் எல்லாரும் வரிசையில் நின்று ஊத வேண்டும். சிவப்பு வந்தவர்களுக்கு அடுத்த நாளே ஸ்கேன், அதற்கடுத்த வாரமே சிகிச்சை, எல்லாம் இலவசம். மார்பிலும் வயிற்றிலும் நுரையீரலிலும் கடுகளவு இருக்கும்போதே பிடிபட்டுப் பிழைத்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அதை யாரும் பழிக்க முடியாது.

பழி வேறு இடத்தில் இருந்தது. பச்சை வந்தவருக்கு ஸ்கேன் கிடையாது. பயந்தாங்கொள்ளிகள் எல்லாம் ஸ்கேன் வாசலில் குவிந்தால் உண்மையான நோயாளிக்கு இடம் கிடைக்காது என்று அந்த விதியை எழுதியவரும் முத்துவேலப்பன்தான். மீறி எடுக்கும் மருத்துவமனைக்கு உரிமம் போகும். அவருடைய மனைவி பூங்கோதை கல்வியியல் கல்லூரியின் முதல்வர். அவள் தன் பங்குக்கு ஒரு ஆய்வு செய்தாள். பச்சை வந்த பிறகும் வலி, சோர்வு என்று விடுப்புக் கேட்கும் ஆசிரியர்கள் யார், ஏன் என்று. பொதுத் தேர்வு நெருக்கடியிலிருந்து தப்பிக்கத்தான் என்று முடிவு சொன்னாள். பத்திரிகைகள் அதைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடின. அதிலிருந்து எந்தப் பள்ளியிலும் யாராவது இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் தலைமையாசிரியர் முதலில் கேட்பது, பச்சையா சிவப்பா என்றுதான்.

"உங்க வீட்டம்மா காலேஜுல இருந்து ரெண்டு பொண்ணுங்க வந்தாங்க" என்றாள் ஹேமலதா. "தூக்கம் வரலியா, வீட்டுல சண்டையா, பரீட்சைன்னா பயமான்னு கேட்டாங்க. எல்லாத்துக்கும் ஆமான்னு சொன்னனுங்க. யாருக்குத்தான் இல்லீங்க? ஒண்ணுக்குல ரத்தம் வருதுன்னும் சொன்னேன், அதை எழுதிக்கவே இல்ல. பொறகு பார்த்தா நான் கட்டுரையில வந்துட்டேன். பேரு போடல. ஆனா நாந்தான்."

"போன வாரம் நான் இவங்களுக்கு ஸ்கேன் எடுத்தேன்" என்றாள் ஷெரின். "வலது கிட்னியில பெரிய கட்டி. நுரையீரலுக்கும் போயிடுச்சு."

முத்துவேலப்பன் இப்போதுதான் திரும்பினார். "சிவப்பு இல்லாம ஸ்கேன் எடுத்தீங்களா?"

"எடுத்தேன்."

"உங்க மேல நடவடிக்கை எடுக்கணும், தெரியுமில்ல?"

"எடுங்க சார்."

ஹேமலதா எழுந்துகொண்டாள். நாற்காலியின் கையைப் பிடித்துத்தான் எழ முடிந்தது. "நான் வெளிய இருக்கனுங்க டாக்டர். எனக்கு இவருகிட்ட கேக்கறதுக்கு ஒண்ணுமில்ல. இந்த மூஞ்சிய ஒருக்காப் பாக்கோணும்னு இருந்துச்சு. பாத்துட்டேன்."

அப்படி ஒருவரும் அவரிடம் பேசியதில்லை. முத்துவேலப்பன் கதவு சாத்தும்வரை காத்திருந்துவிட்டு, "எந்தப் பெட்டியும் நூத்துக்கு நூறு சொல்லாது டாக்டர். ரெண்டொண்ணு தப்பும். அதை நான் முதல் கட்டுரையிலயே எழுதியிருக்கேன்" என்றார்.

"தப்பட்டும் சார். தப்புன்னா கலந்து வரணும். ஒண்ணு ஈரல், ஒண்ணு கர்ப்பப்பை, ஒண்ணு கணையம்னு. பச்சை வந்து, அப்புறம் முத்திப்போய் எங்க வாசலுக்கு வந்தவங்க பதினோரு பேரு. பதினோரு பேருக்கும் கிட்னி. உங்க பெட்டிக்குக் கிட்னிக் கட்டி மட்டும் கண்ணுக்குத் தெரியல."

அவர் மேசைமேல் கிடந்த தாள்களை அடுக்கினார்.

"பெட்டி எப்படிக் கத்துக்குது? நீங்கதான் எங்களுக்குப் பாடம் எடுத்தீங்க. நோயாளிங்க மூச்சு ஒரு பக்கம், ஆரோக்கியமானவங்க மூச்சு ஒரு பக்கம். ரெண்டையும் காட்டிக் காட்டி இது நோய், இது நோயில்லன்னு சொல்லிக் குடுக்கணும். நோயாளிங்க மூச்சை எங்க ஆஸ்பத்திரி குடுத்துச்சு. ஆரோக்கியமான அறுபது பேரை நீங்க சேத்தீங்க. யாரு சார் அந்த அறுபது பேரு?"

"பேரைச் சொல்லக் கூடாதுங்கறது விதி."

"பேரு வேண்டாம். கணக்கு மட்டும் பார்ப்போம். அந்த அறுபதுல யாரோ ஒருத்தருக்கு, அவருக்கே தெரியாம, கிட்னியில கட்டி இருந்திருக்குன்னு வைங்க. ஒருத்தர்னா பெட்டி சட்டை பண்ணாது. கிட்னிக் கட்டியோட வாசனையே ஆரோக்கியமான வாசனைதான்னு பெட்டி மனசுல பதியணும்னா, இருபது பேருக்காவது அது இருக்கணும். நல்லா இருக்கற அறுபது பேருல இருபது பேருக்குக் கிட்னிப் புற்று. நடக்குமா?"

"நடக்காது" என்றார் முத்துவேலப்பன். வாயிலிருந்து அது தானாக வந்துவிட்டது.

"நடக்காது. ஆனா ஒரே ஆளு இருபது தடவை ஊதியிருந்தா?"



நடந்தது அதுதான். ஆறு வருடத்துக்கு முன் முதல் கட்டுரையை வெளிநாட்டு இதழுக்கு அனுப்பியிருந்தார். நோயாளிகள் போதும், ஆரோக்கியமானவர்கள் போதவில்லை, அறுபது பேராவது வேண்டும் என்று திருப்பியனுப்பிவிட்டார்கள். அவரிடம் இருந்தது சக ஆசிரியர்களும் மாணவர்களுமாக முப்பத்தைந்து பேர்தான். எல்லா ஆய்வகத்திலும் இப்படித்தான் நடக்கும். நோயாளி ஆஸ்பத்திரியில் கிடைப்பான், நோயில்லாதவனுக்கு எங்கே போவது? பக்கத்து மேசைக்காரனைக் கூப்பிட வேண்டியதுதான். கோடை விடுமுறையில் அந்தப் பக்கத்து மேசைக்காரனும் ஊருக்குப் போய்விட்டான். கெடுவோ நெருங்கிக்கொண்டிருந்தது. முத்துவேலப்பன் மீதி இருபத்தைந்து பேராகவும் தானே மாறினார்.

அதிலும் மனிதர் சும்மா ஊதவில்லை. ஒரே மூச்சு என்று கண்டுபிடித்துவிடக் கூடாதே. ஒருநாள் வெறும் வயிற்றோடு ஊதினார், ஒருநாள் கொள்ளு ரசம் குடித்துவிட்டு ஊதினார், ஒருநாள் சீரகம் மென்றுவிட்டு, ஒருநாள் மாடிப்படி ஏறி இறங்கிவிட்டு, ஒருநாள் பல் விளக்காமல். இருபத்தைந்து ஆரோக்கியமான ஆண்கள் என்று எழுதிக்கொண்டார். அதை அவர் மோசடி என்று நினைக்கவே இல்லை. எனக்குத்தான் ஒரு நோயும் இல்லையே, நான் ஊதினால் என்ன, இன்னொருத்தன் ஊதினால் என்ன என்றுதான் நினைத்தார். தன் உடம்பு தப்பு செய்யும் என்று சந்தேகப்படும் பழக்கம் அவருக்குக் கிடையாது.

"நான் கத்தப் போறதில்ல" என்றாள் ஷெரின். "ஊரெல்லாம் சொன்னா பெட்டி மேலயே நம்பிக்கை போயிடும். சிவப்பு வந்தவங்ககூட ஸ்கேனுக்கு வர மாட்டாங்க. அதுக்காகத்தான் வாயை மூடிக்கறேன், உங்களுக்காக இல்ல. அந்த இருபதையும் எடுத்துட்டு, உண்மையான ஆளுங்களை ஊதச் சொல்லி, பெட்டிக்குத் திரும்பப் பாடம் நடத்துங்க. பள்ளிக்கூடம் திறக்கறதுக்குள்ள நடக்கணும்."

"பார்க்கறேன்."

"இன்னொண்ணு. அந்த ஒருத்தர் யாருன்னு எனக்குத் தெரிய வேண்டாம். எனக்கு அவர் மேல கோபம்தான். இருந்தாலும் அவருக்கும் உயிர் இருக்கு. உடனே ஸ்கேனுக்கு வரச் சொல்லுங்க. சிவப்பு கிவப்பு எதுவும் வேண்டாம், நான் எடுக்கறேன்."

"சொல்றேன்" என்றார் முத்துவேலப்பன்.

அவள் போன பிறகு அவர் கழிப்பறைக்குப் போனார். பங்குனியிலிருந்தே அவ்வப்போது சிறுநீர் ரோஜா நிறத்தில் போய்க்கொண்டிருந்தது. வீட்டில் வாரம் மூன்று நாள் பீட்ரூட் பொரியல், அதனால்தான் என்று விட்டிருந்தார். இந்த வாரம் வீட்டில் பீட்ரூட் வாங்கவில்லை. அது அவருக்கு இப்போது ஞாபகம் வந்தது.

ஆய்வகத்துக்குப் போய்ப் பெட்டியில் ஊதினார். பச்சை. ஊதாமலே அது தெரியும். அவருடைய மூச்சைத்தானே அது ஆரோக்கியம் என்று மனப்பாடம் செய்து வைத்திருக்கிறது. இன்னும் நூறு கட்டி முளைத்தாலும் அவருக்கு அது பச்சையே காட்டும்.

அந்த வாரம் அவர் பெட்டியைத் திருத்தினார். மூன்று வளாகத்திலிருந்தும் ஆட்களை வரவழைத்து ஊத வைத்து, இந்த முறை ஒருத்தர் ஒருமுறைதான் என்று பக்கத்திலேயே நின்று பார்த்து, தன் இருபத்தைந்து மூச்சையும் அழித்துவிட்டு, பெட்டிக்குப் புதிதாகப் பாடம் நடத்தினார். மறுநாள் ஷெரினிடம் மாதக்கணக்காகும் என்று சொல்லி வைத்திருந்த வேலை ஒரே வாரத்தில் முடிந்தது. வெள்ளிக்கிழமை மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போன நேரத்தில் புதிய பெட்டியில் ஊதினார்.

சிவப்பு.

சொன்னால் நம்ப மாட்டீர்கள், அவருக்கு முதலில் வந்தது சந்தோஷம். பெட்டி வேலை செய்கிறது. பதினோரு பேரைத் தவறவிட்ட பெட்டி பன்னிரண்டாவது ஆளைப் பிடித்துவிட்டது. அந்தப் பன்னிரண்டாவது ஆள் யார் என்பது உறைக்கச் சற்று நேரம் பிடித்தது. உறைத்தபோது அங்கேயே முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஐம்பத்தெட்டு வயதில், முப்பது வருடம் ஆராய்ச்சி செய்துவிட்டு, பயம் என்பது இப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டார்.

வீட்டில் பூங்கோதையிடம் எல்லாவற்றையும் சொன்னார். கொள்ளு ரசம் உட்பட. அவள் கையிலிருந்த டம்ளரை மேசையில் வைத்தாள்.

"நாளைக்குக் காலையில போயிரலாமுங்க. அந்த டாக்டரம்மாதான் எடுக்கறேன்னு சொல்லுதில்ல."

"நாளைக்கு எடுத்தா என்னாகும், யோசிச்சியா? ஸ்கேன் எடுத்த அடுத்த நிமிசம் அது நாட்டுப் புற்றுநோய்க் கணக்குல ஏறும். எங்க போய், எந்த ஊர்ல எடுத்தாலும் ஏறும். முத்துவேலப்பன், ஆறு வருசமாப் பச்சை, இப்பக் கிட்னியில கட்டி. அந்த டாக்டர் பொம்பள இப்பவே பாதி கணக்குப் போட்டுட்டா. மீதியை ஊரே போட்டுரும்."

"போட்டா போட்டுட்டுப் போகுது."

"என் பேரு மட்டுமில்ல. உன்ற ஆய்வு என்னாகும்? நடிக்கறாங்கன்னு நீ எழுதுனவங்க எல்லாம் நோயாளிங்கன்னு ஆயிரும். காலேஜு வாசல்ல வந்து நிப்பாங்க."

பூங்கோதை மேசைமேல் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். முத்துவேலப்பன் தன் திட்டத்தைச் சொன்னார். புதிய பெட்டிக்கு ஒரு வெளியீட்டு விழா. முன்னை விடக் கூர்மையானது, கிட்னியையும் பார்க்கும் என்று அறிவிப்பு. மேடையில் முதல் ஆளாக அவர் ஊதுவார். சிவப்பு வரும். பழைய பெட்டி தவறவிட்டதைப் புதிய பெட்டி பிடித்தது, கண்டுபிடித்தவனையே காப்பாற்றியது. அதே கட்டிதான். இன்றைக்கு வெளியே தெரிந்தால் மோசடி. அன்றைக்குத் தெரிந்தால் சாதனை.

அவள் கேட்டாள். "விழாவை எப்ப வைக்க முடியும்?"

முத்துவேலப்பனுக்குச் சுருக்கென்றது. தான் சொன்னதற்கு அவள் ஒத்துக்கொள்ள வேண்டும் என்றுதான் இவ்வளவு நேரம் பேசினார். ஒத்துக்கொண்ட பிறகு, இவள் இன்னும் கொஞ்சம் சண்டை போட்டிருக்கலாம் என்று தோன்றியது. அன்றிலிருந்து அந்த வீட்டில் இரண்டு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் நேராகப் பார்ப்பதை நிறுத்தினார்கள். பீட்ரூட்டும் அதன் பிறகு வாங்கப்படவில்லை.

வைகாசிக் கடைசியில் வைக்கலாம் என்று நினைத்த விழா தள்ளிப்போனது. அமைச்சர் வெளிநாட்டில் இருந்தார். வந்ததும் சட்டமன்றக் கூட்டம். அமைச்சர் இல்லாமல் விழா வைத்தால் பத்திரிகைகளில் ஓரமாகப் போட்டுவிடுவார்கள். ஜூன் வந்தது. பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன்னால் மாநிலத்தின் ஆசிரியர்கள் எல்லாரும் பழைய பெட்டியில்தான் ஊதினார்கள். முத்துவேலப்பனின் மூச்சை மனப்பாடம் செய்த பெட்டியில். அதில் எத்தனை பேருடைய கிட்னியில் என்ன இருந்ததோ, எல்லாருக்கும் பச்சை காட்டி வீட்டுக்கு அனுப்பியது. புதியது அவருடைய ஆய்வகத்தில், துணி போர்த்தி, வேலை முடிந்து கிடந்தது.

ஷெரின் நடைபாதையில் வழிமறித்தாள்.

"ஜூன் போயிடுச்சு சார்."

"கோட்டையில கையெழுத்து நிக்குது டாக்டர். நான் என்ன பண்ணட்டும்?"

"அந்த ஒருத்தர் ஸ்கேனுக்கு வரவே இல்லையே?"

"சொல்லியிருக்கேன். வருவாரு."

"சின்ன வயசா? குழந்தைங்க இருக்காங்களா?"

"எதுக்கு?"

"நாலு நாளா அதே யோசனை. அவருக்கு இது வெறும் கூச்சம்தான்னு நினைக்கறேன். மாட்டிக்குவோமேன்னு. அவர்கிட்ட சொல்லுங்க, நான் யார்கிட்டயும் பேரைச் சொல்ல மாட்டேன். சத்தியமா."

அந்தக் கருணை முத்துவேலப்பனுக்கு அடி வாங்கியதைவிட மோசமாக இருந்தது. அன்று மாலையே, சிவப்பு இல்லாமல் ஸ்கேன் எடுத்ததற்கு விளக்கம் கேட்டு அவளுக்கு ஓலை அனுப்பினார். கோபத்தில்தான் அனுப்பினார். அவள் தன்னை வெறுத்தால் தாங்கிக்கொள்ளலாம், அக்கறை காட்டினால் தாங்க முடியாது.

ஆடி மாதத்தில் ஹேமலதா இறந்துபோனாள். பூங்கோதையின் கல்லூரியிலிருந்து மாலை போனது. அதை ஹேமலதாவின் வீட்டுக்காரர் வாங்கி, வந்த வண்டியிலேயே திருப்பி வைத்துவிட்டார். டிரைவர் வந்து சொன்னபோது பூங்கோதை சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். முத்துவேலப்பனுக்கு இடது விலாவின் கீழ் வலி இப்போது நிரந்தரமாகக் குடியேறியிருந்தது. உடம்பு இளைத்தது. என்ன சார், வாக்கிங்கா, சர்க்கரையைக் கட்டுக்குள்ள கொண்டுவந்துட்டீங்க போல என்று பார்த்தவர்கள் எல்லாம் பாராட்டினார்கள். அவரும் சிரித்து, காலையில் ஆறு சுற்று நடப்பதாகச் சொல்லி வைத்தார்.

ஆவணியில்தான் அமைச்சருக்குத் தேதி கிடைத்தது.

அரங்கு நிரம்பி வழிந்தது. குத்துவிளக்கு, குழுவினருக்குப் பொன்னாடை, எல்லாம் முறையாக நடந்தன. முத்துவேலப்பன் பேசினார், நன்றாகவே பேசினார். பிறகு பெட்டியின் மேல் போர்த்தியிருந்த துணியை அமைச்சர் விலக்க, குழாயை வாங்கி ஊதினார். பெரிய திரையில் ஒரு வட்டம் சுழன்றது. சிவப்பானது.

 அமைச்சர் என்ன செய்வதென்று தெரியாமல் பெட்டியையும் இவரையும் மாறி மாறிப் பார்த்தார். முத்துவேலப்பன் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டார். 

"போன வருசம் பழைய பெட்டி எனக்குப் பச்சைன்னு சொல்லுச்சு. இன்னைக்கு இது சிவப்புங்குது. நான் வருத்தப்படலீங்க. எனக்குப் பிள்ளை இல்லைன்னு சொல்லுவாங்க. என்னைக் காப்பாத்த ஒரு பிள்ளையைத்தான் நான் பெத்திருக்கேன்."

கூட்டம் எழுந்து நின்றது. கைதட்டல் ஓய வெகுநேரமாயிற்று. சில பேர் அழுதார்கள். அமைச்சர் அவரைக் கட்டிக்கொண்டார். முன்வரிசையில் பூங்கோதை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள், புகைப்படக்காரர்கள் அதையும் எடுத்தார்கள். மூன்றாவது வரிசையில் ஒருத்தி மட்டும் எழவில்லை, கைதட்டவில்லை. ஷெரின் அவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கடைசியில் எழுந்து, கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேடைப்படிக்கு வந்தாள்.

"வாங்க சார். ஸ்கேன் எடுத்துடலாம்."

ஸ்கேன் அறையில் சட்டையைக் கழற்றச் சொன்னார்கள். படுக்கச் சொன்னார்கள். மூச்சைப் பிடிக்கச் சொன்னார்கள், விடச் சொன்னார்கள். எல்லாம் முடிந்து, தோளில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு அவர் ஷெரினின் மேசைக்கு முன்னால் உட்கார்ந்தார். எந்த அறையில் எந்தக் கூட்டமானாலும் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்து பழகியவருக்கு அந்த நோயாளி நாற்காலி தாழ்வாக இருந்தது.

"ரத்தம் எப்பருந்து போகுது?" என்று கேட்டாள் ஷெரின், எழுதிக்கொண்டே.

பொய் சொல்லலாமா என்று பார்த்தார். இனிமேல் அதில் லாபம் இல்லை. "பங்குனியிலருந்து."

அவள் எழுதுவது நின்றது. "நான் ஹேமலதாவைக் கூட்டிட்டு உங்க ரூமுக்கு வந்தது சித்திரையில."

"ஆமா."

"அப்ப அந்த ஒருத்தர்."

"ஆமா."

அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். திட்டியிருந்தால் அவருக்குப் பதில் தயாராக இருந்தது. அவள் திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

"இடது கிட்னியில இருக்கு. அது பெருசு. ரத்தக் குழாய்க்குள்ள இறங்கியிருக்கு. நுரையீரல்ல மூணு இடம். முதுகெலும்புல ஒண்ணு. மருந்து இருக்கு, ஆரம்பிக்கலாம். முழுசாப் போயிடும்னு நான் சொல்ல மாட்டேன்."

முத்துவேலப்பன் படத்தைப் பார்த்தார். வாழ்நாள் முழுக்கப் படங்களையும் கோடுகளையும் படித்த மனிதருக்கு இதைப் படிப்பதற்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

"வெளிய உங்க ஆபீஸ் ஆளுங்களும் பத்திரிகைக்காரங்களும் நிக்கறாங்க" என்றாள் ஷெரின். "ஆரம்பக் கட்டத்துலயே கண்டுபிடிச்சாச்சுன்னு டாக்டர் ஒரு வார்த்தை சொல்லணுமாம். எழுதியே குடுத்திருக்காங்க. என்னால முடியாது. நீங்க வேணா சொல்லிக்கோங்க."

அவர் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. அவருக்கு ஒன்றுதான் தெரிய வேண்டியிருந்தது. அதை இவளைத் தவிர யாரிடமும் கேட்க முடியாது.

"சித்திரையில வந்திருந்தா?"

"தெரியல சார்."

"சும்மா சொல்லுங்க டாக்டர். அப்ப கிட்னியோட மட்டும் நின்னிருக்குமா? இல்ல அப்பவே எல்லா இடத்துக்கும் போயிருக்குமா? எனக்கு அது தெரியோணும்."

அவள் அவரைப் பார்த்தாள். அவளுடைய முகத்தில் வெறுப்பு இருந்தது, அதை அவள் மறைக்கவில்லை. ஆனாலும் அவள் சொன்னது உண்மை.

"எனக்கு நெஜமாவே தெரியாது சார். அன்னைக்கு ஒரு படம் எடுத்திருந்தா, அதை இதோட பக்கத்துல வச்சுப் பார்த்துச் சொல்லியிருப்பேன். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொண்ணு வேணும்ல. உங்ககிட்ட இது ஒண்ணுதான் இருக்கு."

கதவைத் தட்டினார்கள். சார், ரெடிங்களா, எல்லாரும் வெயிட் பண்றாங்க என்று வெளியிலிருந்து குரல் வந்தது. முத்துவேலப்பன் சட்டையைப் போட்டுக்கொண்டார். பொத்தான்களை மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாகப் போட்டு, மேசையோரம் கிடந்த பொன்னாடையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, ஆரம்பக் கட்டம்தான் என்று சொல்வதற்காக எழுந்து போனார்.